கல்விக் கடன்: சமரசத்துக்குக் கையெழுத்துப் போடும் முன் கணக்கைக் கேளுங்கள்

வாசகர் கேள்வி:

ஐயா, நான் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 2014-ஆம் ஆண்டு என் மகளின் பி.இ. படிப்புக்காக ஒரு பொதுத்துறை வங்கியில் 3,20,000 ரூபாய் கல்விக் கடன் வாங்கினோம். ஆண்டுக்கு 80,000 வீதம் நான்கு ஆண்டுகள் கல்லூரிக்குச் சென்றது. வட்டி 12 சதவீதம். நானும் இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மத்திய அரசின் வட்டி மானியத்துக்காக வட்டாட்சியரிடம் வருமானச் சான்று வாங்கிக் கொடுத்தோம். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மொத்தம் 28,800 ரூபாய் மானியம் வரவானது, பிறகு நின்றுவிட்டது. 2021-இல் இது பற்றிக் கிளையில் எழுதிக் கொடுத்தேன்; பதில் இல்லை. அப்போதைய மேலாளர் சொன்னபடி 2019 ஜூன் முதல் மகள் மாதம் 4,600 ரூபாய் கட்டி வந்தாள். வேலை போனதால் 2023 ஏப்ரல் முதல் பத்து மாதங்கள் கட்டவில்லை. 2024 பிப்ரவரியிலிருந்து மீண்டும் கட்டுகிறாள். இப்போது வசூல் நிறுவனத்தார் என்று சொல்லிச் சிலர் 4,38,000 ரூபாய் பாக்கி என்கிறார்கள். கிளையில் கொடுத்த அறிக்கையிலோ 2,04,000 என்று இருக்கிறது. இரவு ஒன்பது மணிக்கும் அழைக்கிறார்கள். சம்பந்தி வீட்டுக்கும் அழைத்துவிட்டார்கள். மகளின் சிபில் அறிக்கையில் கடன் தள்ளுபடி செய்யப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறது. வரும் செப்டம்பர் மக்கள் நீதிமன்றத்துக்கு வந்து 2,60,000 கட்டினால் முடித்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் வழக்கு என்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?

பதில்:

ஐயா, வணக்கம்.

இப்போதைக்குக் கையெழுத்துப் போட வேண்டாம். மக்கள் நீதிமன்றத் தேதிக்கு அதிக நாள் இல்லாததால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் தொகைகளை வைத்துக் கணக்கிட்டுப் பார்த்ததில், சலுகை என்று உங்கள் முன் வைக்கப்பட்டிருக்கும் 2,60,000 ரூபாய், உங்கள் மகள் நியாயமாகத் தர வேண்டிய தொகையைவிட அதிகமாக இருக்கக்கூடும் என்று தெரிகிறது. எப்படி என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். வங்கியிடம் நீங்கள் எழுப்ப வேண்டிய கேள்வி முழுவதும் இந்தக் கணக்கில்தான் அடங்கியிருக்கிறது.

கல்விக் கடனில் படிப்புக் காலத்துக்கும் அதன் பிறகான ஓராண்டுக்கும் தனிவட்டியே கணக்கிடப்படும். தவணை தொடங்கும்போது அதுவரை சேர்ந்த வட்டி அசலோடு சேர்க்கப்பட்டு, அந்த மொத்தத் தொகைக்கு மாதத் தவணை நிர்ணயிக்கப்படும். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டில் 80,000 ரூபாய் வழங்கப்பட்டதாகக் கொண்டால், 2019 மே வரை 12 சதவீதத்தில் சேர்ந்த வட்டி சுமார் 1,24,800 ரூபாய். மத்திய அரசின் வட்டி மானியத் திட்டம் 2009-10 கல்வியாண்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பெற்றோரின் ஆண்டு வருமானம் 4,50,000 ரூபாய்க்கு மிகாமல் இருந்து, தொழில்நுட்பப் படிப்போ தொழிற்படிப்போ இந்தியாவில் படித்தால், இந்தக் காலத்து வட்டி முழுவதையும் அரசே ஏற்கும். அப்படியானால் 2019 ஜூனில் உங்கள் மகளின் கணக்கு 3,20,000 ரூபாயில் தொடங்கியிருக்க வேண்டும். 28,800 மட்டும் வரவாகி மீதி 96,000 வராமல் போனதால் அது 4,16,000 ரூபாயில் தொடங்கியிருக்கிறது.

இனி தவணையைப் பாருங்கள். பத்து ஆண்டுகளில், 12 சதவீத வட்டியில், 3,20,000 ரூபாய்க்கு மாதத் தவணை ஏறத்தாழ 4,590 ரூபாய். 4,16,000 ரூபாய்க்கோ 5,970 ரூபாய். அப்போதைய மேலாளர் 4,600 கட்டச் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். மானியம் முழுமையாக வந்துவிடும் என்ற கணக்கில்தான் அவர் அந்தத் தொகையைச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஆனால் வங்கியின் கணினி 5,970 ரூபாயையே தவணையாக வைத்திருந்தால், உங்கள் மகள் ஒரு மாதமும் தவறாமல் கட்டியபோதும் மாதந்தோறும் 1,370 ரூபாய் குறைந்ததாகவே பதிவாகியிருக்கும். பதின்மூன்று, பதினான்கு மாதங்களில் அந்தக் குறைவு மூன்று தவணைகளின் அளவுக்குச் சேர்ந்துவிடும். 90 நாட்களுக்கு மேல் நிலுவை நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும் என்பது விதி. ஒழுங்காகக் கட்டிய பெண் கடன் தவறியவளாக ஆனது இப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். வங்கிக் கிளைகளின் கடன் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இது அரிதான நிகழ்வு அல்ல.

விட்டுப்போன 96,000 ரூபாய் அதே இடத்தில் நின்றுவிடவும் இல்லை. மாத வட்டி ஏறி ஏறி, 2019 ஜூன் தொடங்கி 2025 ஜூலை முடிய அது ஏறத்தாழ 2,00,000 ரூபாயாகப் பெருகியிருக்கும். கணக்கு 3,20,000 ரூபாயில் தொடங்கியதாக வைத்துக்கொண்டு, மகள் கட்டிய மாதங்களுக்கு 4,600 வீதம் கழித்து, கட்டாத பத்து மாதங்களுக்கும் வட்டி சேர்த்துப் பார்த்தால், இன்றைய பாக்கி சுமார் 2,25,000 ரூபாய் வருகிறது. 4,16,000 ரூபாயிலிருந்து தொடங்கி அதே முறையில் கணக்கிட்டால் 4,25,000 ரூபாய்; வசூல் நிறுவனம் சொல்லும் தொகைக்கு வெகு அருகில். கல்விக் கடன் வட்டி காலத்துக்குக் காலம் மாறுவது என்பதால் என் கணக்கு தோராயமானதே. ஆயினும் பிழை எங்கே இருக்கிறது என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது.

கிளை அறிக்கையில் 2,04,000 என்று இருப்பதைப் பார்த்து அதுதான் உண்மையான பாக்கி என்று வாதிட வேண்டாம். கணக்கு வாராக்கடன் ஆனபின் வங்கி அந்தக் கடனுக்கான வட்டியைப் பொதுவாகப் பேரேட்டில் ஏற்றாது. தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளும். நீங்கள் கட்டிய பணம் மட்டும் பேரேட்டில் கழிந்துகொண்டே வரும். அதனால் அறிக்கையில் தொகை குறைவாகத் தெரியும். கேட்கும் தொகையோ ஏற்றப்படாத வட்டியையும் சேர்த்ததாக இருக்கும். இரண்டு தொகைகள் இருப்பதே மோசடி என்று நினைத்துக் கிளையில் சத்தம் போட்டு, உண்மையான குறையைச் சொல்லாமலே திரும்பிவிடுபவர்கள் பலர். நீங்கள் கேட்க வேண்டியது, வாராக்கடன் ஆன தேதி எது, அதன்பின் ஏற்றப்படாத வட்டி எவ்வளவு, எந்த விகிதத்தில், அபராத வட்டி சேர்ந்திருந்தால் அது எவ்வளவு என்ற விவரங்களை. அபராத வட்டியைப் பொறுத்தவரை, ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் 18-ஆம் நாள் வெளியிட்ட ஆணைப்படி, தவணை தவறினால் வட்டி விகிதத்தை உயர்த்தி அபராதம் விதிக்கக் கூடாது; கட்டணமாக விதிக்கலாம், அதையும் அசலோடு சேர்த்து அதற்கு வட்டி போடக் கூடாது. பழைய கடன்களும் 2024 ஜூன் 30-க்குள் இந்த முறைக்கு மாறியிருக்க வேண்டும்.

ஆக, உங்கள் வழக்கின் உயிர்நாடி ஒரே கேள்வியில் இருக்கிறது. மூன்றாம் ஆண்டிலிருந்து மானியம் வராததற்குக் காரணம் யார்? இந்த மானியத்தை மாணவர் நேரடியாக விண்ணப்பித்துப் பெற முடியாது. கடன் கொடுத்த வங்கிதான் ஒவ்வோர் ஆண்டும் உரிய காலத்துக்குள் கோரிக்கையைப் பதிவேற்ற வேண்டும். அரசின் சார்பில் அதைக் கையாளும் தலைமை வங்கி கனரா வங்கி. கிளை கோரிக்கையைப் பதிவேற்றி, அரசு ஏதேனும் காரணம் சொல்லி மறுத்திருந்தால் அது ஒரு நிலை. கிளை பதிவேற்றவே இல்லை என்றால் அது வங்கியின் சேவைக் குறைபாடு. அந்த இழப்பை உங்கள் மகளின் தலையில் ஏற்ற வங்கிக்கு உரிமை இல்லை என்பது என் உறுதியான கருத்து. பதிவேற்றக் காலம் முடிந்துவிட்டது, இனி அரசிடம் கேட்க முடியாது என்று கிளையில் சொல்வார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது வங்கிக்கும் அரசுக்கும் இடையிலான விஷயம். உங்கள் மகளின் தகுதிக்கு வலுவான சான்று, முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மானியம் வந்திருக்கிறது என்பதுதான். அதே மாணவி, அதே கல்லூரி, அதே படிப்பு என்றிருக்கும்போது இடையில் நின்றதற்குக் காரணம் சொல்ல வேண்டியது வங்கியின் பொறுப்பு. ஒன்றை மட்டும் நீங்களே சரிபார்த்துக்கொள்ளுங்கள்: இந்திய வங்கிகள் சங்கத்தின் முன்மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட கடன்களுக்கே இந்த மானியம் உண்டு. கடன் அனுமதிக் கடிதத்தில் திட்டத்தின் பெயர் இருக்கும்.

வேலை இல்லாத பத்து மாதங்களைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துத் தவணையும் வட்டியும் தர வேண்டியவைதான். உங்கள் முறையீட்டில் அதை மறைக்காமல் எழுதுங்கள். கடனே செல்லாது, மூன்றாண்டு காலவரம்பு கடந்துவிட்டது என்றெல்லாம் வாதிடச் சொல்லி யாராவது ஆலோசனை கூறலாம். மகள் இன்றுவரை பணம் கட்டிக்கொண்டிருக்கும் நிலையில் அந்த வாதம் எடுபடாது. நேர்மையான ஒரு முறையீட்டின் மதிப்பையும் அது கெடுத்துவிடும்.

இனி செய்ய வேண்டியவை. முதலில், உங்கள் மகளின் பெயரில், இணைக் கடன்தாரர் என்ற முறையில் நீங்களும் கையெழுத்திட்டு, கிளை மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். கடன் அனுமதிக் கடிதம், கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல்கள், முதல் பணம் வழங்கிய நாளிலிருந்து இன்றுவரையிலான முழு அறிக்கை, ஏற்றப்படாத வட்டியின் விவரம், மானியக் கோரிக்கை ஆண்டுவாரியாகப் பதிவேற்றப்பட்ட தேதிகள், தவணைத் தொகை நிர்ணயிக்கப்பட்ட விதம் ஆகியவற்றைக் கேளுங்கள். பிறகு, 2019 ஜூனில் தொடக்க நிலுவை 3,20,000 ரூபாயாக இருந்திருக்க வேண்டும் என்றும், அதன்படி கணக்கைத் திருத்தித் தர வேண்டும் என்றும், 4,38,000 ரூபாய் என்ற இன்றைய கோரிக்கையை நீங்கள் ஏற்கவில்லை என்றும் எழுதுங்கள். கடன் வாங்கியதையும் சரியான கணக்குப்படி திருப்பிச் செலுத்தும் விருப்பத்தையும் அதே கடிதத்தில் சொல்லுங்கள். வருமானச் சான்றின் நகலையும் 2021-இல் கொடுத்த கடிதத்தின் நகலையும் இணையுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். கொடுக்க மறுத்தால் ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். அதே முறையீட்டை வங்கியின் இணையதளத்திலுள்ள புகார்ப் பகுதியிலும் பதிந்து, அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கிளையில் வாய்மொழியாகச் சொன்னது எதற்கும் பின்னால் மதிப்பிருக்காது.

கோவிட் காலத்தில் 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரையிலான ஆறு மாதங்களுக்கு, கூட்டு வட்டிக்கும் தனிவட்டிக்கும் உள்ள வேறுபாட்டை அரசு கருணைத் தொகையாக வங்கிகள் வழியே வரவு வைத்தது. கல்விக் கடனும் அதில் அடங்கும். 2020 பிப்ரவரி 29 அன்று கணக்கு வாராக்கடன் ஆகாமல் இருந்திருந்தால் அந்த வரவு இருக்க வேண்டும். உங்கள் கடனுக்குச் சில நூறு ரூபாய்தான் வரும். எனினும் முழு அறிக்கை கைக்கு வந்ததும் 2020 நவம்பர் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வசூல் முகவர்கள் பற்றி எழுதியதைப் படிக்கும்போது மிகவும் வருத்தமாக இருந்தது. மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் போன் செய்வது குடும்பத்தை எப்படிக் குலைக்கும் என்பது அந்த முகவர்களுக்கு நன்றாகத் தெரியும், தெரிந்துதான் செய்கிறார்கள். ரிசர்வ் வங்கியின் 2022 ஆகஸ்ட் 12 சுற்றறிக்கை இதைத் தெளிவாகத் தடை செய்கிறது. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது. மிரட்டவோ, பொதுவில் அவமானப்படுத்தவோ, கடன்தாரரின் குடும்பத்தார், நண்பர்களின் தனிமையில் தலையிடவோ கூடாது. முகவர் செய்வதற்கு வங்கியே பொறுப்பு. அதற்கு முந்தைய 2008 ஏப்ரல் நெறிமுறையில் இன்னொரு விதி இருக்கிறது; பலருக்கு அது தெரியாது. கடன்தாரர் ஒரு முறையீடு கொடுத்திருந்தால், அதை இறுதியாக முடித்துவைக்கும் வரை வங்கி அந்தக் கணக்கை வசூல் நிறுவனத்திடம் ஒப்படைக்கக் கூடாது. முறையீடு வீண் தொல்லைக்காகத் திரும்பத் திரும்பக் கொடுக்கப்படுகிறது என்று ஆதாரத்துடன் வங்கி கருதினால் மட்டுமே விலக்கு. 2021-இல் நீங்கள் கொடுத்த கடிதத்துக்கு இன்றுவரை பதில் வராத நிலையில் இந்த விதி உங்களுக்கு மிகவும் பயன்படும். அழைப்பு வந்த எண்கள், தேதி, நேரம், பேசியதன் சுருக்கம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி, முடிந்தால் ஒலிப்பதிவும் செய்து, தனியாக ஒரு புகாராக வங்கிக்கு அனுப்புங்கள். நேரில் வருபவரிடம் வங்கியின் அங்கீகாரக் கடிதத்தையும் அடையாள அட்டையையும் காட்டச் சொல்லுங்கள். மிரட்டல் எல்லை மீறினால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கத் தயங்க வேண்டாம். தவணை தவறுவது சிவில் விவகாரம். அதற்காக உங்கள் மகளை யாரும் கைது செய்ய முடியாது. இதை வீட்டில் எல்லோருக்கும், குறிப்பாகச் சம்பந்தி வீட்டாருக்கும், நீங்களே அமைதியாகச் சொல்லிவிடுங்கள்.

வங்கிக்கு 30 நாள் அவகாசம் உண்டு. முறையீட்டை முழுமையாகவோ பகுதியாகவோ மறுப்பதாக இருந்தால், வங்கி தன் உள் குறைதீர்ப்பாளரின் பார்வைக்கு அதை அனுப்பிய பிறகே இறுதிப் பதில் தர வேண்டும். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, 2021 நவம்பர் 12-இல் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தின்கீழ் ரிசர்வ் வங்கியிடம் போகலாம். அதன் புகார் மேலாண்மை இணையதளத்தில் பதியலாம். எழுத்து மூலம் சண்டிகரிலுள்ள மையத்துக்கும் அனுப்பலாம். 14448 என்ற இலவச எண்ணில் வழிகாட்டுவார்கள். கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் மூலம் கொடுத்தால் ஏற்க மாட்டார்கள் என்பதால் உங்கள் மகளே கொடுக்க வேண்டும். சேவைக் குறைபாட்டால் நேர்ந்த இழப்புக்கு 20 லட்சம் ரூபாய் வரையிலும், மன உளைச்சலுக்கும் அலைச்சலுக்கும் 1 லட்சம் ரூபாய் வரையிலும் இழப்பீடு வழங்க 2021 திட்டப்படி குறைதீர்ப்பாளருக்கு அதிகாரம் உண்டு. கடன் தள்ளுபடி வேண்டும், வட்டியைக் குறைக்க வேண்டும் என்று கேட்டால் அது வங்கியின் வணிக முடிவு என்று சொல்லி முடித்துவிடுவார்கள். கணக்குப் பிழை, மானியக் கோரிக்கையைப் பதிவேற்றத் தவறியது, வசூல் நெறிமுறை மீறல் ஆகிய மூன்றை மட்டும் எழுதுங்கள்.

இந்த இடத்தில் வங்கி ஒரு தடையை எழுப்பும் என்று எதிர்பார்க்கிறேன். மானியம் நின்றது 2016-17-இல், இப்போது கேட்பது காலவரம்பைக் கடந்தது என்பார்கள். குறைதீர்ப்பாளர் திட்டமும் காலவரம்புச் சட்டத்தைப் பார்க்கிறது. ஆகவே முறையீட்டைப் பழைய மானியத்துக்கான கோரிக்கையாக எழுதாமல், 2025-இல் வங்கி உங்களிடம் கேட்கும் 4,38,000 ரூபாய் என்ற தொகை தவறானது என்ற மறுப்பாக எழுதுங்கள். இன்று ஒரு தொகையைக் கேட்பவர், அது எப்படி வந்தது என்று இன்று விளக்கக் கடமைப்பட்டவர். உங்கள் 2021 கடிதத்துக்கும் இதில் பெரிய இடம் உண்டு. அதன் நகல் பத்திரமாக இருக்கட்டும்.

வங்கி விவரங்களைத் தராமல் இழுத்தடித்தால், அது பொதுத்துறை வங்கி என்பதால் தகவல் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். 10 ரூபாய்க் கட்டணத்துடன் உங்கள் மகள் தன் பெயரில் விண்ணப்பித்து, தன் கடன் கணக்குக்கான மானியக் கோரிக்கை எந்தெந்த ஆண்டுகளில், எந்தத் தேதிகளில் பதிவேற்றப்பட்டது, ஏற்கப்பட்டதா, மறுக்கப்பட்டிருந்தால் காரணம் என்ன என்று மட்டும் கேட்டால் போதும். 30 நாட்களில் பதில் தர வேண்டும். தராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யலாம். வங்கி முறையீட்டுடன் இதையும் ஒரே நாளில் அனுப்பிவிடுவது நல்லது. பதிவேற்றப்படவில்லை என்று ஒரே வரியில் பதில் வந்தாலும், அதைவிடப் பெரிய ஆதாரம் உங்களுக்குத் தேவையில்லை.

மக்கள் நீதிமன்றத்துக்கு வருகிறேன். அழைப்பு வந்தால் போங்கள். போகாமல் இருப்பதால் பயனில்லை. ஆனால் அங்கே இரு தரப்பும் சம்மதித்தால் மட்டுமே முடிவு எழுதப்படும். சம்மதிக்காத ஒருவர் மேல் எந்தத் தொகையையும் சுமத்த அதற்கு அதிகாரம் இல்லை. சம்மதித்துக் கையெழுத்திட்டுவிட்டாலோ, அந்த முடிவுக்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்றத் தீர்ப்பாணையின் வலிமை வந்துவிடும், மேல்முறையீடு கிடையாது. அதே விவகாரத்துக்காகப் பின்னர் குறைதீர்ப்பாளரிடம் போகும் வழியும் அடைபட்டுவிடும். எனவே, முறையீட்டின் நகலைக் கையில் எடுத்துச் சென்று, கணக்கு குறித்த முறையீடு நிலுவையில் இருக்கிறது, திருத்திய கணக்கு வந்த பிறகு பேசத் தயாராக இருக்கிறோம் என்று அமர்வில் இருப்பவர்களிடம் பணிவாகச் சொல்லுங்கள். இந்த ஒரு நாள் விட்டால் சலுகை போய்விடும் என்று வங்கித் தரப்பில் அவசரப்படுத்தலாம். மக்கள் நீதிமன்றம் ஆண்டில் பலமுறை கூடுகிறது. அடுத்த அமர்விலும் பேசலாம். அதற்கிடையில் நிலுவை ஒப்புதல் கடிதம் என்று ஏதாவது தாளை நீட்டினால், அதில் 4,38,000 என்ற தொகை இருக்கும் வரை கையெழுத்திட வேண்டாம்.

சமரசத்தில் இன்னொரு இழப்பும் இருக்கிறது. பாக்கியைக் குறைத்துக்கொண்டு முடித்த கடன், சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களின் அறிக்கையில் முழுமையாக அடைக்கப்பட்டதாகப் பதிவாகாது; சமரசமாக முடிக்கப்பட்டது என்றே பதிவாகும். நாளை வீட்டுக் கடன் கேட்கும்போது உங்கள் மகள் அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். இணைக் கடன்தாரர் என்பதால் உங்கள் பெயரிலும் அது ஏறும். சரியான பாக்கியை விடக் கூடுதலாகக் கட்டியும் இந்தப் பெயரோடு நிற்பது உங்களுக்கு நேரக் கூடாத அநியாயம். இப்போது தள்ளுபடி என்று இருப்பதைப் பார்த்துக் கடன் தீர்ந்துவிட்டது என்றும் எண்ண வேண்டாம். அது வங்கி தன் புத்தகத்தில் செய்துகொண்ட மாற்றம். கடன் அப்படியே நிற்கிறது.

இந்தியாவில் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள் உள்ளன. ஒவ்வொன்றிடமிருந்தும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகப் பெறலாம். நான்கையும் எடுத்து, தொகையும் நிலையும் தவறு என்று அந்தந்த இணையதளத்திலேயே மறுப்புப் பதியுங்கள். 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால், 2024 ஏப்ரல் 26 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். வங்கி கணக்கைத் திருத்தாமல் இந்த நிறுவனங்கள் தாமாக எதையும் மாற்றாது என்பதால், இதை வங்கி முறையீட்டுக்குத் துணையாகவே கொள்ளுங்கள்.

குறைதீர்ப்பாளரிடமும் நியாயம் கிடைக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்கள் மகள் வசிக்கும் ஊரிலோ வேலை செய்யும் ஊரிலோ உள்ள ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். இரண்டு இடங்களிலும் ஒரே நேரத்தில் போகக் கூடாது என்பதால் குறைதீர்ப்பாளர் முதலில் இருக்கட்டும். வங்கியே வழக்குப் போட்டாலும் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு ரூபாய்க்கும் அங்கே வங்கிதான் கணக்குக் காட்ட வேண்டும். வழக்கறிஞர் செலவுக்கு என்ன செய்வது என்று உங்களுக்குக் கவலை இருக்கும். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் உங்கள் மகள் ஒரு மனு கொடுத்தால் வழக்கறிஞரை நியமிப்பார்கள்.

இந்த முறையீடுகள் நடக்கும் காலம் முழுவதும் மாதம் 4,600 ரூபாய் கட்டுவதை நிறுத்த வேண்டாம். கடன் கணக்கில் நேரடியாக, வங்கிப் பரிமாற்றமாகவே கட்டுங்கள். வசூலுக்கு வருபவரின் கையிலோ, அவர் சொல்லும் வேறு எண்ணுக்கோ ஒரு ரூபாயும் அனுப்பக் கூடாது. கட்டுகிற தொகை மொத்தக் கோரிக்கையை ஏற்றுக்கொண்டதாகாது என்ற வரியை முறையீட்டில் சேர்த்துவிடுங்கள். திருத்திய கணக்கு வந்ததும், அதை ஒரேயடியாகக் கட்ட முடியாவிட்டால், மீதிக் காலத்துக்குப் புதிய தவணை நிர்ணயித்துத் தருமாறு எழுதிக் கேளுங்கள். மகளின் சம்பளச் சான்றையும் உடன் வையுங்கள். கடைசித் தவணை முடிந்த அன்றே பாக்கியில்லாச் சான்றை உங்கள் இருவர் பெயரிலும் வாங்கி, இரண்டு மாதம் கழித்து இருவரின் கடன் அறிக்கையையும் எடுத்து, கணக்கு முழுமையாக முடிக்கப்பட்டது என்ற பதிவு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.